சாணையிலிருந்து சென்ற பெயர்

சாணை பிடிப்பவர் வாரை இழுத்துச் சுழற்றிய வட்டுக்குள் இருந்தது குருந்தக்கல் பொடி. கல்லை இடித்துச் சலித்து, உருக்கிய அரக்கில் பிசைந்து வட்டாக்குவார்கள். கத்தியும் அரிவாளும் அதில்தான் கூர்பெற்றன. நன்கறிந்த இயற்கைக் கனிமங்களுள் கடினத்தில் வைரம் ஒன்றே அதற்கு மேல். கனிமவியலர் மோஸ் 1812-இல் வகுத்த கடின அளவுகோலில் வைரம் 10, குருந்தம் 9.

1798-இல் சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயக் கனிமச் சேகரிப்பாளர், ஆசியாவிலிருந்து வந்த இந்தக் கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை எழுதினார். கல்லுக்கு அவர் எழுதிய பெயர் 'கொரண்டம்'. உலகக் கனிமவியல் இன்றும் அதையே சொல்கிறது. வேர் தேடும் அகராதிகள் 'குருந்தம்' என்ற தமிழ்ச்சொல்லைக் காட்டுகின்றன. தொழிலாளியின் வாய்ச்சொல் அறிவியலின் கலைச்சொல்லானதை நம் பாடநூல்கள் ஒரு வரியிலாவது சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

மாணிக்கமும் நீலமும் இதே கனிமம்தான். தூய குருந்தத்துக்கு நிறமில்லை. சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். சிலப்பதிகாரத்து மதுரைக் கடைவீதியில் மாணிக்க வகைகளுள் ஒன்றாக 'விந்தம்' வருகிறது. குருவிந்தம் என்பது அதன் முழுப்பெயர். சாணைக்கல்லின் பெயரும் செம்மணியின் பெயரும் இவ்வளவு நெருங்கி நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

குருந்தம் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. இரண்டும் மண்ணில் எங்கும் உண்டு. எனினும் அவை இரண்டு மட்டும் கூடிப் படிகமாவது அரிது. காரணம் சிலிக்கா. பாறைக்குழம்பில் அது மிகுந்திருந்தால் அலுமினியத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு ஃபெல்ட்ஸ்பாராகிவிடும். சிலிக்கா போதாத இடத்தில்தான் மிஞ்சிய அலுமினியம் குருந்தமாகிறது. ஆறு பட்டையோடு, நடுவில் பீப்பாய்போல் பருத்து விளைகிறது. காங்கயத்தை அடுத்த சிவன்மலைச் சயனைட்டுப் பாறை அத்தகைய இடம். முருகனைக் காண மலையேறுவோர் காலடியில் இந்தக் கணக்கு எழுதிக் கிடக்கிறது.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி இன்னொன்று. அங்குள்ள அனார்த்தோசைட்டுப் பாறையிலும் குருந்தம் உண்டு. நிலவின் மேட்டுநிலப் பாறையும் அனார்த்தோசைட்டே என்பதால், சந்திரயான் சோதனைகளுக்கான செயற்கை நிலவு மண்ணை அந்த ஊர்ப் பாறையிலிருந்துதான் இஸ்ரோ உருவாக்கியது.

குருந்தத்தைச் செயற்கையாகவும் ஆக்கலாம். 1902-இல் வெர்னோய் என்ற பிரெஞ்சு வேதியியலர், அலுமினிய ஆக்சைடுத் தூளைச் சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை வெளியிட்டார். 1960-இல் அமெரிக்க இயற்பியலர் மைமன் ஒளிரச்செய்த முதல் லேசருக்குள் இருந்ததும் செயற்கை மாணிக்கத் தண்டு. இவை இரண்டுக்கும் முன்பே, 1890களில், அமெரிக்காவின் அச்செசன் ஒரு புதிய தேய்ப்புப் பொருளைக் கண்டறிந்தார். கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்றெண்ணி 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. குருந்தம் அதில் துளியும் இல்லை. அந்தப் பெயரைத் தாங்கிய தேய்ப்புக்கல் நிறுவனம் 1954-இல் சென்னையிலேயே தொடங்கியது.

தச்சுப்பட்டறையில் மரத்தை இழைக்கும் பழுப்புத் தாளில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் ஆலையில் உருக்கிய குருந்தமே. தச்சர் அதைக் கடையில் உப்புத்தாள் என்று கேட்டு வாங்குகிறார்.