கவுனி அரிசி கறுத்தது எப்படி?

பகாவ் வட்டாரத்தில் நாம் பசியாறும் புலுட் ஹித்தாம் கஞ்சியும் செட்டிநாட்டுக் கவுனி அரிசியும் கறுப்பது ஆந்தோசயனின் என்ற நிறமியால். ஊறவைத்த நீர் ஊதாவாவதும் அதனால்தான்.

கதிர் முற்றும்போது இந்நிறமியை ஆக்கும் மரபணுக்களை ‘காலா4’ என்ற மரபணு முடுக்கிவிடுகிறது. வெள்ளை நெல்லிலும் அது உண்டு. ஆனால், அதன் முகப்புப் பகுதி மாறி அமைந்த நெல்லில்தான் மணியின் தோலில் வேலை செய்கிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் காட்டினர். சிவப்பரிசிக்குப் பொறுப்பு ‘ஆர்சி’ மரபணு; பெரும்பாலான வெள்ளை நெல்லில் அதன் 14 எழுத்துகள் விடுபட்டுள்ளன. அவ்வளவுதான், சிவப்பு போயிற்று!

விதை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறம் தங்கும் தோல் தாய்ச்செடியுடையது. பக்கத்து வயல் மகரந்தம் கலந்தாலும் அந்த மணி கறுப்பாகவே இருக்கும். கலப்பு, அதை விதைத்த பிறகே வெளிப்படும்.