லைன் லயமானது

மலேசியாவின் குளுவாங் மாவட்டத்து ரெங்கத்தில், தோட்டத்தில் வளர்ந்த ஒருவரிடம் 'லயம்' என்று சொன்னால் சுருதியும் தாளமும் அவருக்கு நினைவு வராது. ஒரே கூரையின்கீழ் ஒட்டிக் கிடக்கும் வீடுகள், முன்னால் அஞ்சடி, பின்னால் குசினி, கோடியில் பொதுக்குழாய், இவைதான் வரும். இந்த லயம் வடமொழியிலிருந்து வந்ததன்று. ஆங்கில 'லைன்'தான் இப்படி ஆயிற்று.

லைன் பிறந்தது ஆளி நாரில். லத்தீனில் 'லினும்' என்றால் ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூல் 'லினேயா'. லினன் துணியும், சட்டையின் உள்ளே வைத்துத் தைக்கும் லைனிங்கும் அதே குடும்பம். நூலை இழுத்துப் பிடித்தால் நேர்கோடு. அதிலிருந்து வரிசை, எல்லை, எழுத்து வரி, ரயில் பாதை, தொலைபேசிக் கம்பி என்று பொருள் கிளைத்துக்கொண்டே போனது. இன்று கைப்பேசியில் சிக்னல் கிடைக்காதவரும் "லைன் இல்லை" என்கிறார்.

கிம்மாஸ்–ஜொகூர் பாரு ரயில் பாதை 1909-இல் முடிந்தது. அந்தப் பாதையில் அமைந்த ரெங்கத்தைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள் எழுந்தன. காடழித்த நிலத்தில் கயிறு பிடித்து, குச்சி நட்டு, கன்றுக்கு இடம் குறிப்பதைத் துரைமார் 'லைனிங்' என்றார்கள். ஆனால் வளர்ந்த மரவரிசையைத் தமிழர் லைன் என்று சொல்லவில்லை. அதற்கு அவர்களிடம் 'நிரை' இருந்தது; நிரை பிடித்துத்தான் மரம் சீவினார்கள். சொந்தச் சொல் இருந்த இடத்தில் கடன் வாங்காதவர்கள், ஊரில் பார்த்திராத ஒரு கட்டடத்துக்குத்தான் வாங்கினார்கள்.

அந்தக் கட்டடம் பட்டாளத்து வழக்கம். இந்தியாவில் பிரிட்டிஷ் படைச் சிப்பாய்களின் குடியிருப்பு வரிசைக்கு 'லைன்ஸ்' என்று பெயர். தமிழ்நாட்டு ஊர்களில் இன்றும் இருக்கும் 'போலீஸ் லைன்' அந்த வழியில் வந்தது. கங்காணிகள் அழைத்துவந்த ஆட்களுக்காக இலங்கை மலைகளிலும் மலாயாவிலும் 'கூலி லைன்'கள் எழுந்தன.

திருப்பூரில் 'லைன் வீடு' என்கிறார்கள். அங்கே சொல் ஆங்கிலமாகவே நிற்கிறது. தோட்டத்திலோ ஐகாரம் 'அய்' ஆகி லயன் என்றானது. பிறகு இறுதி னகரம் மகரமாகி லயம். நிலம் 'நிலன்' ஆவதும் அறம் 'அறன்' ஆவதும் இலக்கணம் சொல்லும் கடைப்போலி. இங்கே அது எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. மகர ஈறு வந்தவுடன் அத்துச்சாரியையும் கூடவே வந்துவிட்டது: லயத்துக்கு, லயத்தில், லயத்துப் பிள்ளைகள். மரத்துக்கு, குளத்தில் என்பது போலவே. பள்ளிக்கூடப் படி ஏறாதவர்களின் வாயில் நடந்த இலக்கண வேலை இது. இதைக் கொச்சை என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது.

குதிரை லாயமே லயம் ஆனது என்று சொல்வோரும் உண்டு. ஓரறையில் ஒரு குடும்பமே முடங்கிக் கிடந்த ஆத்திரம் அந்த விளக்கத்தில் இருக்கிறது, ஆத்திரம் நியாயமானது. ஆனால் சொல் அந்த வழியில் வரவில்லை. இலங்கை மலையகத்தில் இன்றும் வழங்கும் 'லயன் காம்பரா' இடைவடிவத்தை அப்படியே வைத்திருக்கிறது. லாயத்திலிருந்து லயன் வர வழியில்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் தோட்டத்துச் சனம் வீடமைப்புத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கடன் கட்டி வாங்கிய தெரஸ் வீடுகளும் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசைதான். ஆனாலும் அவற்றை யாரும் லயம் என்பதில்லை. வேலை போனால் வீடும் போகும் என்ற நிபந்தனையும் அந்தச் சொல்லின் பொருளில் சேர்ந்தே இருந்தது.