கார்பரேட்டரா, டீசல் பம்பா? – ஓர் அம்பாசிடர் சரித்திரம்

பழைய அம்பாசிடர் வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது: "கார்பரேட்டரோட அப்படியே இருக்கட்டுமா, இல்ல டீசல் இன்ஜினா மாத்திடலாமா?" பதில் சொல்லுமுன் கொஞ்சம் சரித்திரம் பார்க்க வேண்டும்.

கார்பரேட்டர் எளிமையான சாதனம். இன்ஜின் இழுக்கும் காற்று குறுகிய கழுத்து வழியே வேகமாகப் போகும்போது, ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக்கொள்கிறது. எடைக்கணக்கில் சுமார் 15 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். மெக்கானிக்கல் இன்ஜெக்ஷனில் அப்படியில்லை. இன்ஜினே சுற்றும் ஒரு பம்ப், எரிபொருளை அளந்து அழுத்தத்தோடு பீச்சுகிறது.

ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927-ல் டீசல் பம்புகளைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. 1954-ல் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். என்ற பெட்ரோல் காரிலும் இந்த முறை வந்தது. அமெரிக்காவில் கார்வெட் காருக்கு 1957-ல் வந்த இன்ஜெக்ஷனோ 1965-லேயே நின்றுபோயிற்று. விலை அதிகம், சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்கும் குறைவு. குறைந்த செலவில் கார்பரேட்டரே போதுமென்று ஆகிவிட்டது.

நம் நாட்டுப் பெட்ரோல் கார்கள் கார்பரேட்டரிலிருந்து நேராக எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷனுக்குத் தாவின. மெக்கானிக்கல் பம்ப் நம்மிடம் டீசல் வழியாகத்தான் வந்தது. மைக்கோ நிறுவனம் 1951-ல் தொடங்கியது. 1980-ல் அம்பாசிடர் டீசல் வந்தது.

தம்மம்பட்டி, கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவில் இருக்கும் ஊர். மலையேறும் பெட்ரோல் காரில், சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றிக் காத்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உயரம் கூடக்கூடக் காற்று மெலிந்து கலவையும் கெட்டியாகும். டீசலில் செலவு குறைவு. ஆனால் டேங்க் காலியானால் "ஏர் வாங்கிடுச்சு" என்று ஸ்பேனரோடு குழாயைத் தளர்த்தி, காற்றை வெளியேற்றிய பிறகுதான் வண்டி கிளம்பும்.

அப்படியிருந்தும் எங்கள் பக்கத்து டாக்சிக்காரர்கள் டீசலுக்கு மாறினார்கள். எரிபொருள் விலை மட்டும் காரணமல்ல. கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜின், நாமக்கல் பக்கம் லாரி என்று பம்பும் நாசிலும் ஏற்கெனவே பழகிய பொருள்கள். டெஸ்ட் பெஞ்சில் வைத்து அளவு பார்க்கும் கைகள் அருகிலேயே இருந்தன. கார்வெட்டுக்கு இல்லாமல்போனது அதுதான்.

எனவே என் பதில்: எது உயர்ந்தது என்று கேட்காதீர்கள், யார் சரிசெய்வார் என்று கேளுங்கள். பெட்ரோல் வண்டியென்றால் கார்பரேட்டரை மாற்றாதீர்கள். அதைப் பிரித்து, ஜெட்டை ஊதி, மிதவையைப் பார்த்துப் பூட்ட ஒரு ஸ்க்ரூடிரைவரும் பொறுமையும் போதும். டீசலாகவே வந்த வண்டியென்றால், நல்ல பம்ப் மெக்கானிக் கிடைக்கும்வரை கவலையில்லை.

ஆனால் அந்த மெக்கானிக்குகள் எத்தனை நாளைக்கு? 2014-ல் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. 2020-ல் பி.எஸ்.-6 விதி வந்தபின் புதிய இருசக்கர வாகனங்களிலும் கார்பரேட்டர் பெரும்பாலும் போய்விட்டது. புது டீசல் கார்களில் பழைய பம்ப் இல்லை. இரண்டு வித்தைகளுமே வயதானவர்களின் விரல்களில்தான் மிச்சமிருக்கின்றன.

இன்றைய மாணவத் தம்பி தங்கைகளே, ஒரு விடுமுறையில் பத்து நாள் உங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்பில் உட்காருங்கள். அந்த அண்ணன்மார்கள் சொல்வதை நோட்டில் எழுதி வையுங்கள். நம் கல்லூரி நூலகத்தில் அதற்கு ஓர் அலமாரி கொடுக்கலாம்.