தராசும் கடிகாரமும்: வட சிலாங்கூர்த் தமிழரின் வேலை வாரம்

மலேசியப் பிரதமர் மகாதீர் முகமது 1982-இல் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்தார். ஜப்பானியரிடமும் கொரியரிடமும் மலேசியர் முதலில் கற்க வேண்டியது உழைப்பு நெறி என்று அப்போது சொல்லப்பட்டது. அதே காலத்தில் வட சிலாங்கூர் ரப்பர்த் தோட்டங்களில் தமிழர்கள் விடியுமுன் ஆளெடுக்கும் பிரட்டுக் களத்தில் நின்று, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தனர். உழைப்பைப் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவை இருக்கவில்லை. நீண்ட நேர உழைப்பு ஓர் இனத்தின் குணம் அன்று. கூலி கணக்கிடும் முறையின் விளைவு. இதை நிறுவ வட சிலாங்கூரும் கொரியாவும் ஒருங்கே சான்றாகின்றன.

சோம்பேறிச் சுதேசி என்ற காலனியக் கட்டுக்கதையைச் சமூகவியலாளர் சையத் ஹுசேன் அலாட்டாஸ் 1977-இல் உடைத்துக் காட்டினார். உழைப்பாளிக் கொரியர் என்ற புகழ்மொழியும் அதே நாணயத்தின் மறுபக்கம்தான். இரண்டிலும் கூலிப் பட்டியல் கண்ணில் படாமல் போகிறது.

தோட்டத்தில் நேரத்தை அளந்தது கடிகாரம் அல்ல, தராசு. வெயில் ஏறுமுன் மரத்தில் பால் நன்றாக இறங்கும். ஏறிய பின் சுரப்பு மட்டுப்படும். அதனால் வெட்டு இருட்டில் தொடங்கியது. சில நூறு மரங்களை வெட்டி முடித்து, பால் வடியக் காத்திருந்து, மங்கு மங்காக எடுத்து வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் தோளேற்றி ஸ்டோருக்குக் கொண்டுவர நண்பகல் ஆகிவிடும். அங்கே பாலை நிறுத்து, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று சோதிப்பார்கள். பால் நீர்த்திருந்தால் கூலியும் நீர்த்துப் போகும். மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்டே இல்லை. மனைவி மங்கு துடைப்பார். பிள்ளை ஒட்டுப்பால் பொறுக்குவான். அவர்களுடைய மணி நேரங்கள் எந்தச் செக்ரோல் பதிவேட்டில் ஏறின? செம்பனைக்கு மாறிய பிறகு குலை வெட்டுபவருக்குப் பின்னால் உதிரிப்பழம் பொறுக்கிய பெண்களுக்கும் இதே கதைதான்.

இந்த நேரக் கொள்ளையைத் தொழிலாளர் உணராமல் இல்லை. 1941-இல் ஆர்.எச். நாதன் தலைமையில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், நாளொன்றுக்கு 10 முதல் 12 மணி நேர வேலையை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒன்று. துரைக்கு முன் சைக்கிளை விட்டு இறங்க வைக்கக் கூடாது என்பது இன்னொன்று. நேரமும் மானமும் ஒரே பட்டியலில் இருந்தன என்பதை நம் வரலாற்றெழுத்து போதிய அளவு கவனிக்கவில்லை. நாதன் கைதானார், படை இறக்கப்பட்டது, தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

1990-களில் உலு சிலாங்கூரில் புக்கிட் பெருந்துங் நகரமாக எழுந்தது. சுற்றுவட்டாரத் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாற, லயத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் பாதுகாவலர் வேலைக்கும் போனார்கள். தராசு போய்ப் பஞ்ச் கார்டு வந்தது. வேலை வாரம் குறைந்ததா?

சட்டப்படி குறைந்தது. 1955 வேலைச் சட்டத்தின் 48 மணி நேரம் 2023 ஜனவரி 1 முதல் 45 ஆனது. ஆனால் 1980-ஆம் ஆண்டின் மிகைநேர (ஓ.டி.) விதி மாதத்துக்கு 104 மணி நேரம் ஓ.டி. பார்க்க இடம் தருகிறது. ஆண்டுக் கணக்கில் பிரித்தால் வாரத்துக்குச் சரியாக 24 மணி. 45-உடன் கூட்டினால் 69.

இந்த எண்ணைக் கொரியர்கள் நன்கு அறிவார்கள். அங்கே 2018 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த சட்டம் வாரத்துக்கு 40 மணி வேலை, 12 மணி ஓ.டி., ஆக 52 என்று வரம்பிட்டது. 2023 மார்ச்சில் அரசு, நெருக்கடியான வாரங்களில் மட்டும் 69 மணி வரை போகலாம், பிறகு குறைத்து ஈடுகட்டலாம் என்ற திட்டத்தை முன்வைத்தது. இளந்தொழிலாளர் கொதித்தெழுந்தனர்; சில நாள்களிலேயே அரசு பின்வாங்கியது. கொரியர் ஒரு வாரத்துக்குக்கூட ஏற்க மறுத்த 69, இங்கே ஆண்டு முழுவதும் அனுமதிக்கப்பட்ட சராசரி. யார் யாரிடம் உழைப்பைக் கற்பது?

தொழிலாளரே ஓ.டி. கேட்டு வாங்குகிறார்களே என்று முதலாளிகள் சொல்வதுண்டு. உண்மைதான், கேட்கிறார்கள். ஏன் என்பதைக் கணக்கு சொல்லும். குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட். நாளுக்கு 8 மணி, மாதத்துக்கு 26 நாள் என்று வகுத்து, ஒன்றரை மடங்கு வீதத்தில் 104 மணி ஓ.டி. பார்த்தால் இன்னும் 1,275 ரிங்கிட் வருகிறது. அடிப்படைச் சம்பளத்தில் முக்கால் பங்கு! வீட்டு வாடகையும் மோட்டார் சைக்கிள் தவணையும் அந்த முக்காலில்தான் அடைபடுகின்றன. அதை விருப்பம் என்று அழைப்பது அநீதி. கொரியத் தொழிற்சாலைகளிலும் அடிப்படைச் சம்பளம் குறைந்த தொழிலாளர், 52 மணி வரம்பால் வருமானம் போகிறதே என்று வருந்தியதுண்டு. தராசு செய்த வேலையை இன்று அடிப்படைச் சம்பளம் செய்கிறது.

வரம்பு ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் கொரியாவே சாட்சி. 8 மணி வேலைநாளைச் சொன்ன தொழிலாளர் சட்டம் அங்கே 1953-லேயே இருந்தது. அதை நடைமுறைப்படுத்தச் சொல்லித்தான் 22 வயதுத் தையல் தொழிலாளி ஜொன் தே-இல், 1970 நவம்பர் 13 அன்று சியோல் சந்தையில் தீக்குளித்தார்.

நம் தொழிற்சங்கங்கள் 45 மணி நேரத்தோடு நிறைவடைந்துவிடக் கூடாது. 104 என்ற எண்ணைப் பாதியாக்கக் கேட்க வேண்டும். அப்போது வாரத்துக்கு 12 மணி ஓ.டி. என்ற கொரிய வரம்பு இங்கும் வரும். அதே மேசையில், அதே நாளில், ஓ.டி. இல்லாமல் குடும்பம் நடத்தப் போதுமான அடிப்படைச் சம்பளத்தையும் கேட்க வேண்டும். இன்று செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டும் இந்தோனேசியருக்கும் வங்காளதேசத்தவருக்கும் சேர்த்தே அதைக் கேட்க வேண்டும். நம் பாட்டன் நின்ற நிரையில்தான் அவர்கள் இப்போது நிற்கிறார்கள்.