தட்டணு செறிந்த பிளாஸ்மா சிகிச்சையின் வரலாறு: ஒப்பீட்டுச் சான்றின் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

நோயாளியின் இரத்தத்தையே எடுத்து, அதிலுள்ள தட்டணுக்களைச் செறிவாக்கி, வலியுள்ள இடத்தில் ஊசிவழிச் செலுத்தும் முறை தட்டணு செறிந்த பிளாஸ்மா சிகிச்சை எனப்படுகிறது. மருத்துவ வழக்கில் இது பி.ஆர்.பி. என்று சுருங்கி வழங்குகிறது. ஆறாத புண், தாடை எலும்பு, தசைநாண், மூட்டு எனப் பல களங்களுக்கு இம்முறை பரவிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இச்சிகிச்சை எதனோடு ஒப்பிடப்பட்டது என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு உயர்ந்தும் தாழ்ந்தும் வந்துள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தட்டணு, பிளாஸ்மா, வளர்ச்சிக் காரணிகள், தசைநாண், ஒப்பீட்டுக் குழு, நாள்பட்ட வலி.

முன்னுரை

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஒரு சிகிச்சை பயனளிக்கிறது என்னும் முடிவு எவ்வாறு எட்டப்பட்டது என்பதும் வரலாற்றுக்கு உரிய பொருளே. நாள்பட்ட வலி தானே கூடிக் குறையும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நோயாளி மருத்துவரை நாடுகிறார். அதன்பின் வலி தணிந்தால், அது மருந்தால் தணிந்ததா, காலத்தால் தணிந்ததா என்று அவரால் பிரித்தறிய இயலாது. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கே ஒப்பீட்டுக் குழு தேவைப்படுகிறது. பி.ஆர்.பி. சிகிச்சையின் வரலாறு இத்தேவையை நன்கு விளக்குகிறது.

தட்டணுவும் வளர்ச்சிக் காரணியும்

இரத்தத்தில் காணப்பட்ட நுண்துகள்களை மாக்ஸ் ஷுல்ட்ஸே 1865இல் விவரித்தார். அவை இரத்தத்தின் தனிக்கூறு என்பதையும், இரத்தம் உறைவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு என்பதையும் இத்தாலியின் டூரின் நகரில் பணியாற்றிய ஜூலியோ பிட்சோட்செரோ 1882இல் நிறுவினார். அதன்பின் நெடுங்காலம் தட்டணு என்பது இரத்தக் கசிவை அடைக்கும் அணுவாகவே கருதப்பட்டது.

1974இல் இக்கருத்து விரிந்தது. தட்டணுக்களிலிருந்து வெளிப்படும் ஒரு பொருள் உயிரணுக்களைப் பெருகச் செய்கிறது என்பதைச் சியாட்டிலில் ரஸ்ஸல் ராஸ் குழுவினர் ஆய்வுக்கூடத்தில் காட்டினர். பிற்காலத்தில் அது தட்டணுசார் வளர்ச்சிக் காரணி எனப் பெயர் பெற்றது. கசிவை அடைக்கும் அணுவே திசுவை வளர்க்கவும் உதவுமெனில், அதனைச் செறிவாக்கிக் காயத்தில் இடலாம் என்னும் எண்ணம் இங்கிருந்தே தோன்றியது.

ஆறாத புண்கள்: முதல் நம்பிக்கை, முதல் ஐயம்

1986இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் நைட்டன் குழுவினர் ஆறாத புண்கள் கொண்ட 49 நோயாளிகளுக்கு, அவர்தம் தட்டணுக்களிலிருந்து பெற்ற கரைசலைப் பூசினர். அதுவரை சராசரியாக 198 வாரங்கள் சிகிச்சை பெற்றும் ஆறாத புண்கள், சராசரியாக 10.6 வாரங்களில் ஆறியதாக அவர்கள் அறிவித்தனர். இவ்வாய்வில் தனி ஒப்பீட்டுக் குழு இல்லை. நோயாளியின் முந்தைய நிலையே அளவுகோலாயிற்று. புதிய கரைசலுடன் புண் பராமரிப்பும் ஒழுங்குபடுத்தப்பட்டதால், குணத்துக்கு எது காரணம் என்பது தெளிவாகவில்லை. பின்னர் அதே குழு நடத்திய ஒப்பீட்டுச் சோதனை சாதகமான முடிவைத் தந்தது. எனினும் 1991இல் வேறொரு குழு வெளியிட்ட சிறிய சோதனையில் பயன் தென்படவில்லை. 1992இல் அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இக்கரைசலுக்குப் பணம் வழங்குவதில்லை என முடிவு செய்தது.

தாடை எலும்பிலிருந்து முழங்கைக்கு

1998இல் மியாமியைச் சேர்ந்த ராபர்ட் மார்க்ஸ் குழுவினர் கீழ்த்தாடை எலும்பு ஒட்டுச் சிகிச்சை பெற்ற 88 நோயாளிகளை ஆராய்ந்தனர். பிளாஸ்மா சேர்த்த ஒட்டெலும்பு, சேர்க்காததைவிட 1.62 முதல் 2.16 மடங்கு விரைவாக முதிர்ந்ததாக ஊடுகதிர்ப் படங்களைக் கொண்டு அவர்கள் கூறினர். இங்கு ஒப்பீடு இருந்தது. ஆயினும் அளக்கப்பட்டது எலும்பின் முதிர்ச்சி, வலி அளக்கப்படவில்லை. எலும்புக்குக் கிடைத்த இச்சான்றின் நற்பெயர் பிற திசுக்களுக்கும் நீண்டது.

கருவிகளும் இப்பரவலுக்குத் துணைநின்றன. 30 முதல் 60 மில்லிலிட்டர் இரத்தம், ஒரு மையவிலக்குக் கருவி, சில நிமிடங்கள் ஆகியவை போதும். அமெரிக்காவில் இக்கருவிகள் எலும்பு ஒட்டுடன் கலக்கும் பிளாஸ்மாவைத் தயாரிப்பதற்கென அனுமதி பெற்றன. தசைநாணில் ஊசியிடுவது அவ்வனுமதிக்கு அப்பாற்பட்டு, மருத்துவரின் சொந்தப் பொறுப்பில் நிகழ்ந்தது. எனவே புதிய மருந்து ஒன்று சந்தைக்கு வருமுன் கடக்க வேண்டிய சோதனைகளை இச்சிகிச்சை கடக்கவில்லை.

2006இல் மிஷ்ராவும் பாவெல்கோவும் நாள்பட்ட முழங்கை வலி குறித்த ஆய்வை வெளியிட்டனர். 15 பேருக்குப் பி.ஆர்.பி.யும் 5 பேருக்கு மரப்பு மருந்தும் செலுத்தப்பட்டன. எட்டு வாரங்களில் வலி முறையே 60%, 16% குறைந்தது. அதன்பின் ஒப்பீட்டுக் குழுவின் ஐவரில் மூவர் விலகினர். ஆகவே ஈராண்டுக்குப் பின் 93% வலி குறைந்தது என்ற புகழ்பெற்ற முடிவுக்கு நோயாளிகளின் பழைய வலியே ஒப்பீடாக எஞ்சியது. 2009 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டிக்கு முன் ஹைன்ஸ் வார்ட் தம் முழங்கால் காயத்துக்கு இச்சிகிச்சை பெற்றார் என்னும் செய்தி பரவியபின், பொதுமக்களும் இதனை அறிந்தனர். உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமை 2010இல் தசைக்குள் இதனைச் செலுத்துவதைத் தடைசெய்து, ஆற்றலைக் கூட்டுவதற்குச் சான்றில்லை எனக் கண்டு 2011இல் தடையை நீக்கியது.

ஒரே ஆண்டில் இரு முடிவுகள்

2010இல் நெதர்லாந்திலிருந்து இரு சோதனைகள் வெளிவந்தன. முதலாவதில் குதிகால் தசைநாண் வலியுடைய 54 பேர் பங்கேற்றனர். பாதிப்பேர் பி.ஆர்.பி.யும் மற்றவர் உப்புநீரும் பெற்றனர்; அனைவரும் உடற்பயிற்சி செய்தனர். 24 வாரங்களில் நூறு புள்ளி அளவையில் முதல் குழு 21.7 புள்ளியும் இரண்டாம் குழு 20.5 புள்ளியும் முன்னேறின. இரு குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறின.

மற்றொன்றில் முழங்கை வலியுடைய 100 பேர் பி.ஆர்.பி. அல்லது ஸ்டீராய்டு பெற்றனர். ஓராண்டில் வலி குறைந்து பயன் கண்டவர் முறையே 73%, 49%. இதனை வெற்றி எனக் கொள்வதற்கு முன், 2002இல் வெளியான இன்னொரு டச்சு ஆய்வைக் கருத வேண்டும். அதில் ஸ்டீராய்டு பெற்றோரில் 69% பேரும், ஊசியின்றிக் காத்திருந்தோரில் 83% பேரும் ஓராண்டில் தேறினர். ஸ்டீராய்டு நாளடைவில் பின்தங்குவதாயின், அதனை வெல்வது இயற்கைக் குணத்தை வெல்வதாகாது.

பெயரும் பொருளும்

பிற்காலச் சோதனைகள் பெரும்பாலும் இவ்வையத்தை வலுப்படுத்தின. 2014இல் காக்ரேன் தொகுப்பாய்வு 19 சோதனைகளையும் 1088 பங்கேற்பாளர்களையும் ஆராய்ந்து, சான்று போதாது என்றது. 2021இல் ஆஸ்திரேலியாவில் முழங்கால் மூட்டுத் தேய்வுடைய 288 பேரிடம் நடந்த சோதனையில், பத்துப் புள்ளி வலி அளவையில் பி.ஆர்.பி. குழுவுக்கு 2.1 புள்ளியும் உப்புநீர்க் குழுவுக்கு 1.8 புள்ளியும் குறைந்தன. குருத்தெலும்பின் தேய்விலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இச்சோதனையில் தட்டணுச் செறிவு குறைவு என ஆதரவாளர் மறுக்கின்றனர். இம்மறுப்புப் புறக்கணிக்கத்தக்கதன்று. மைக்ரோலிட்டருக்குப் பத்து இலட்சம் தட்டணுக்கள் வேண்டுமென மார்க்ஸ் 2001இல் வரையறுத்தார். வெள்ளணு, ஃபைப்ரின் ஆகியவற்றின் அடிப்படையில் 2009இல் நால்வகைப் பாகுபாடும் முன்வைக்கப்பட்டது. எனினும் நடைமுறையில் எல்லாம் ஒரே பெயரால் வழங்கின. பொருள் வரையறுக்கப்படாத நிலையில் சாதகமான முடிவு பெயருக்குப் புகழ் சேர்க்கிறது. பாதகமான முடிவு அந்தக் குறிப்பிட்ட தயாரிப்பின் குறையாக ஒதுக்கப்படுகிறது. இதனால் எச்சோதனையாலும் சிகிச்சையை மறுக்க இயலாத நிலை உருவாகிறது.

முடிவுரை

தட்டணுவின் வளர்ச்சிக் காரணி ஆய்வுக்கூட உண்மை. அவ்வுண்மை நோயாளியின் உடலில் வலி நீக்கமாக மாறுகிறதா என்பது வேறொரு வினா. முந்தைய நிலையோடு ஒப்பிட்டபோது இச்சிகிச்சை பெருவெற்றியாகவும், ஸ்டீராய்டோடு ஒப்பிட்டபோது மேம்பட்டதாகவும், உப்புநீரோடு ஒப்பிட்ட முக்கியச் சோதனைகளில் அதற்கு நிகரானதாகவும் தோன்றியது. உப்புநீர் பெற்றோரும் தேறினர் என்பதால், நோயாளி தமக்கு வலி குறைந்ததாகச் சொல்வது பொய்யாகாது. அதற்கான காரணத்தை அவரது அனுபவம் மட்டுமே நிறுவிவிடாது. காப்பீட்டுத் துணையின்றித் தம் பணத்தைச் செலவிடும் நோயாளியிடம், குணமடையும் வாய்ப்போடு ஊசியின்றியே தேறும் வாய்ப்பையும் எடுத்துரைப்பது மருத்துவ அறத்தின்பாற்பட்டது. அவ்வாறு எடுத்துரைப்பதற்குத் தேவையான சான்றை இவ்வரலாறு வழங்குகிறது.