ஆப்பிளின் கசப்புக் குழி

ஆஸ்திரேலியாவில் கப்பலேறும்போது பளபளத்த ஆப்பிள், லண்டனில் பெட்டியைத் திறக்கும்போது தோலெங்கும் பழுப்புக் குழிகளோடு கிடக்கும். சீவிப் பார்த்தால் அடியில் தக்கைபோல் உலர்ந்த சதை. நாக்கில் வைத்தால் கசப்பு.

பூச்சியா, பூஞ்சையா?

1911இல் இந்தப் புதிர் தாவர நோயியலாளர் டேனியல் மெக்ஆல்பைனிடம் போனது. ஐந்து அறிக்கைகள் எழுதினார். கிருமி காரணமல்ல என்பது தெளிந்தது, மருந்து கிடைக்கவில்லை.

1936இல் கனடா ஆய்வாளர் டிலாங், நோயுற்ற பழங்களை எரித்த சாம்பலில் கால்சியம் குறைந்திருப்பதைக் கண்டார். வேர் உறிஞ்சும் கால்சியத்தில் பெரும்பங்கு இலைகளுக்கே போய்விடுகிறது, பழத்துக்கு மிச்சம்தான். அதனால் மண்ணில் சுண்ணாம்பு இட்டது மட்டும் போதவில்லை. காய்கள் மீதே கால்சியம் குளோரைடு கரைசலைத் தெளித்தார்கள். பறித்த பழங்களை அதில் முக்கியெடுத்துக் குளிரறைக்கு அனுப்பினார்கள். அளவு மிஞ்சினால் தோல் கருகியது.