தாத்தாவின் ஸ்டியரிங்கும் கால் லிட்டர் பெயின்ட்டும்

மக்களே, ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆபீஸில் ஆணி அதிகம்னு நினைச்சிருப்பீங்க. ஆணி வழக்கம்போலத்தான். உண்மையான காரணம் ஒரு ஸ்டியரிங் வீல் :-)

எங்க வீட்டு ஷெட்டில் தாத்தாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நிக்குது. எஞ்சின் ஓடுது. ஆனா ஸ்டியரிங் வளையத்தில் ஏழு இடத்தில் விரிசல், உள்ளே துருப்பிடிச்ச கம்பி தெரியுது. "தூக்கிப் போட்டுட்டு புதுசா மர வீல் ஒண்ணு மாட்டுடா"ன்னு நண்பன் சொன்னான். நானும் கிட்டத்தட்ட சரின்னுட்டேன். அப்புறம்தான் கொஞ்சம் படிச்சுப் பார்ப்போமேன்னு உட்கார்ந்தேன்.

முதல் கார்களுக்கு வட்டமான ஸ்டியரிங்கே கிடையாது. படகின் சுக்கான் மாதிரி ஒரு நெம்புகோல்தான். பள்ளத்தில் சக்கரம் விழுந்தா உதை நேரா கைக்கு வரும். 1894-ல் பாரிஸ்-ரூவான் பந்தயத்தில் ஆல்ஃப்ரெட் வாஷ்ரோன் என்பவர் தன் பனார் காரில் வட்டச் சக்கரத்தைப் பொருத்தி ஓட்டினார். ஆனாலும் நெம்புகோல் உடனே போயிடலை. பனார் நிறுவனத்தின் எமில் லெவஸோர் 1896 பந்தயத்தில் குறுக்கே வந்த நாய்க்காகத் திருப்பி, வண்டி கவிழ்ந்து அடிபட்டார். அடுத்த வருஷம் இறந்துட்டார். 1898-லிருந்து பனார் கார்களுக்கெல்லாம் வட்ட ஸ்டியரிங்தான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ஹெரால்டு, ட்ரையம்ப் என்ற பேரில் இங்கிலாந்தில் 1959-ல் வந்த வண்டி. வடிவமைச்சவர் ஜியோவானி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். 1961-லிருந்து ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி அதை நம்ம வண்டலூர் பக்கம் தயாரிச்சது. மோதினா ஸ்டியரிங் தண்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு உள்வாங்கிக்கும்படி அந்தக் காலத்திலேயே செஞ்சிருந்தாங்க. நெஞ்சுக்கு நேரா நிக்கிற சாமான் இல்லையா! ஜிஎஸ்டி ரோட்டில் அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்னைக்கு ஐடி கட்டிடங்கள். எங்க தாத்தா தலைமுறைக்கு அங்கே கார் வந்துச்சு, எங்க தலைமுறைக்கு அங்கே கோடு வருது. இதைப் படிச்சதும் மர வீல் ஆசை போயிடுச்சு.

விரிசல் ஏன் வருது? உள்ளே இரும்பு வளையம், மேலே கெட்டி பிளாஸ்டிக். வெயிலில் இரும்பைவிட பிளாஸ்டிக் பல மடங்கு விரியும், சுருங்கும். வயசாக ஆக அதுவே கொஞ்சம் சுருங்கியும் போகும். இரும்பு விட்டுக்கொடுக்காது. அப்போ பிளாஸ்டிக்தானே பிளக்கணும்?

இது தெரியாம முதல் தடவை விரிசல் மேலேயே எம்-சீலைத் தடவி, தேச்சு, பெயின்ட் அடிச்சேன். ரெண்டு வாரத்தில் ஏழு கோடும் சொல்லி வெச்ச மாதிரி திரும்ப வந்துச்சு :-(

கடைசியில் பெயின்ட் கடை அண்ணன்தான் வழி சொன்னார். "தம்பி, காயத்தை மூடுறதுக்கு முன்னாடி திறக்கணும்." ஹேக்சா பிளேடால் ஒவ்வொரு விரிசலையும் இரும்பு வரைக்கும் 'வி' மாதிரி அகலமா அறுத்தேன். துருவைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவிக் காயவெச்சு, எபாக்சியை அழுத்தி நிரப்பினேன். ஒரு நாள் முழுக்க இறுகவிட்டு, அரம், பிறகு 220, 400, 600 வாட்டர் பேப்பர். அப்புறம் பிரைமர், மேலே கருப்பு பியூ பெயின்ட், மெல்லிசா மூணு கோட். (பியூ பெயின்ட் புகை நுரையீரலுக்கு ஆகாது. அதுக்கான மாஸ்க் இல்லாம தொடாதீங்க.)

ஒரு இடத்தில் மட்டும் கை நின்னுடுச்சு. இடது பக்கம் பத்து மணி முள் நிக்கிற இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். விரிசல் இல்லை, தேய்மானம். தாத்தாவோட கட்டை விரல் வருஷக்கணக்கா உட்கார்ந்த இடம். நிரப்பினா வளையம் கச்சிதமா இருக்கும். எபாக்சியைக் கூட கலந்துட்டேன். அப்பா பார்த்துட்டு, "அதை விட்டுடேன்"னார். அவ்வளவுதான் சொன்னார்.

விட்டுட்டேன். பெயின்ட் மட்டும் மேலே போயிருக்கு.

போன ஞாயிறு வீலை மாட்டி அப்பாகிட்ட சாவியைக் கொடுத்தேன். தெருமுனை வரைக்கும் ஓட்டினார். ஒண்ணும் பேசலை. கட்டை விரல் மட்டும் அந்தப் பள்ளத்திலேயே இருந்துச்சு.

உங்க வீட்டிலும் பழைய வண்டி ஏதாவது நிக்குதா? பின்னூட்டத்தில் சொல்லுங்க.